நின்றுபோன மோட்டார் சைக்கிள்: எப்படி நின்றது என்பதிலிருந்து தொடங்குங்கள்

கராஜுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவரிடம் "என்ன பழுது?" என்று நான் கேட்பதில்லை. "எப்படி நின்றது?" என்றுதான் கேட்பேன். பழுதைக் கேட்டால் "காபரேட்டர்" என்பார். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தச் சாமான்தான் எங்கள் ஊரில் நின்றுபோகும் எல்லா வண்டிக்கும் குற்றவாளி. நாற்பது வருடத்துக்குக் கிட்ட இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதில் பாதிக்காலம் தொழிற்பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் மேசைக்கு வந்த காபரேட்டர்களில் பெரும்பாலானவை கழற்றவே தேவையில்லாதவை. அதைவிட மோசம், கழற்றியதாலேயே கெட்டுப்போனவையும் உண்டு.

இங்கே சொல்வது 100 முதல் 150 சிசி வரையான, காபரேட்டர் பொருத்திய, காற்றால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு. சிடி 100, ஸ்பிளென்டர், டிஸ்கவர், பல்சர் என்று திருகோணமலையில் தினமும் காண்பவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் 2025 வரை புதியவை வருவது அரிதாகவே இருந்தது. ஆகவே இன்று ஓடுபவற்றில் பல வயது போனவை. வயதோடு நம் கடற்காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் குறிப்பின் பாதி.

கருவியை எடுக்குமுன்

சுவிச்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றதா? அது மின்சாரம். இருமி இருமி, கொஞ்சம் ஓடி, மறுபடி இருமி நின்றதா? அது பெற்றோல். இழுவை குறைந்து, சத்தம் மாறி, சூடு கிளம்பி நின்றதா? அது எஞ்சினின் உள்ளே. கடைசித் தலைப்புக்கு நேராகப் போங்கள், அதற்குள் ஒருமுறைகூட உதைக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பனர், 10, 12 இலக்க ஸ்பனர்கள், ஒரு திருப்புளி, கொஞ்சம் அரத்தாள், வெறும் கண்ணாடிப் போத்தல், இரண்டு வயர் பிடித்த 12 வோல்ட் சிக்னல் பல்ப், நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு பிளக். புதிய பிளக் என்று சொல்லவில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருந்த பிளக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை

விளக்கு இல்லை, ஹோர்ன் இல்லை, நியூட்ரல் பச்சையும் இல்லை.

முதலில் பியூஸ். பக்கமூடியைக் கழற்றினால் பற்றரிக்கு அருகில் இருக்கும். கண்ணால் பார்த்து "நல்லது" என்று சொல்லிவிடாதீர்கள். கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், கால்கள் பச்சை பிடித்திருந்தால் அரத்தாளால் தேயுங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவில் இன்னொன்றைப் போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் எங்கோ வயர் உடம்பில் தொடுகிறது. மூன்றாவதைப் போட்டு வீணாக்காதீர்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிற கெட்டித்தனத்தை யாரும் செய்யவேண்டாம். அப்படிச் செய்த வண்டி ஒன்று என் கராஜ் வாசலிலேயே புகைந்தது.

அடுத்தது பற்றரி முனைகள். வெள்ளை, பச்சைப் பொங்கல் கட்டியிருந்தால், மறை (−) முனையை முதலில் கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வசலின் பூசுங்கள். பிறகு அந்த மறை வயரின் மறுமுனையைத் தேடுங்கள். அது சட்டத்திலோ எஞ்சினிலோ ஒரு போல்ட்டில் முடியும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து வண்டிகளில் துரு முதலில் பிடிக்கும் இடம் அதுதான். வெளியில் பார்த்தால் போல்ட் இறுக்கமாக இருக்கும், கழற்றினால் கீழே துருத்தூள் கொட்டும். தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தமாக்கிப் பூட்டுங்கள்.

மீன் விற்கிறவர்களின் வண்டிக்குத் தனியாக ஒரு வரி. பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் வெறும் தண்ணீரல்ல, உப்புக்கரைசல். அது பக்கமூடிக்குள் இறங்கி வயர் இணைப்புகளைத் தின்கிறது. பெட்டியின் துளைக்கு ஒரு ரியூப் துண்டு மாட்டி, தண்ணீரைச் சில்லுக்குப் பின்னால் விழும்படி விட்டாலே பாதிப் பழுது வராது. கிண்ணியாவிலிருந்து வரும் ஒருவருக்கு இதைச் செய்துகொடுத்தேன். அதற்குப் பிறகு அவரைக் கராஜில் காண்பது அருமையாகிவிட்டது. எனக்கு வியாபார நட்டம்.

இவை எல்லாம் சரியென்றால் பல்பை எடுங்கள். ஒரு வயரைச் சட்டத்தில் வைத்து, மறுவயரால் திறப்புச் சுவிச்சுக்குள் போகும் வயரையும் வெளியே வரும் வயரையும் மாறி மாறித் தொடுங்கள். போவதில் எரிந்து, திறப்பைத் திருப்பியும் வருவதில் எரியாவிட்டால் சுவிச் போயிற்று. இரண்டிலும் எரியாவிட்டால் வயர்க்கட்டில் ஒரு வயர் அறுந்திருக்கிறது. ஓட்டாமல் விட்ட வண்டியென்றால் எலியைச் சந்தேகியுங்கள். வயர்க்கட்டை முழுவதும் பிரிக்கும் வேலை கராஜ் வேலை.

விளக்கு எரிகிறது, செல்ப் அழுத்தினால் "டக்" மட்டும்

கிளச்சைப் பிடித்து, சைட் ஸ்டாண்டை மடித்து, நியூட்ரலில் விட்டு மறுபடி அழுத்துங்கள். சிரிக்காதீர்கள், ஸ்டாண்டை மடிக்காமல் உருட்டிக்கொண்டே ஓர்ஸ்ஹில் ஏற்றம் ஏறி வந்தவர் இருக்கிறார்.

அழுத்தும்போது முன்விளக்கு மங்கினால் பற்றரி பலவீனம், அல்லது மேலே சொன்ன முனைத்துரு. மங்கவே இல்லை, "டக்" மட்டும் வருகிறது என்றால் ரிலே அல்லது செல்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ். வோல்ட் மீற்றர் இருந்தால் அளந்துவிடுங்கள். ஓய்வில் நிற்கும் பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12க்குக் கீழ் என்றால் காலி. செல்ப் அழுத்தும்போது 10க்குக் கீழே போனால் அது சாகப்போகிற பற்றரி. புதியதை வாங்க ஓடுமுன் வண்டியை உதைத்து ஓடவிட்டு, நடு வேகத்தில் மறுபடி அளவெடுங்கள். 13.5க்கும் 14.8க்கும் இடையில் காட்டவேண்டும். 13ஐயே தொடாவிட்டால் வண்டி பற்றரிக்கு மின்னேற்றவில்லை; புதிய பற்றரியும் ஒரு மாதத்தில் இதேபோல் படுத்துவிடும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று, பற்றரி கொதிக்கும், பல்புகள் எரிந்துபோகும். இந்த ஓர் அளவை எடுக்காததால் ஒரே வருடத்தில் மூன்று பற்றரி வாங்கிய ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும்.

எஞ்சின் சுற்றுகிறது, பற்றவில்லை

கராஜுக்கு மிக அதிகமாக வருவது இது. வரிசையை மாற்றாமல் போங்கள்.

கைப்பிடியிலுள்ள சிவப்பு நிறுத்துச் சுவிச். பிள்ளைகள் விளையாடி அமர்த்திவிட்டுப் போயிருக்கும். பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா, ரிசேர்வில் இருக்கிறதா. தாங்கியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பாருங்கள், முள்ளை நம்பவேண்டாம். சோக் எந்த நிலையில் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்குச் சோக் மாரிகாலத்து விடியற்காலையில்தான் தேவைப்படும். பாதியில் மறந்துவிட்டால் பிளக் கரி பிடித்துவிடும்.

இவை சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் கழற்றவேண்டாம், மரை உரிந்துவிடும், ஆறவிடுங்கள். கழற்றியதும் அதைத் துடைக்காமல் பாருங்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதல் நாளில் செய்யும் தவறு, கழற்றியவுடன் சேலைத்துண்டால் துடைத்துவிடுவது. சாட்சியைக் கழுவிவிட்டு வழக்கை விசாரிப்பதுபோல.

பிளக் காய்ந்திருந்தால்

பெற்றோல் வரவில்லை. காபரேட்டரின் கீழ்க்கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகாணி இருக்கிறது. கண்ணாடிப் போத்தலைக் கீழே பிடித்து அதைத் தளர்த்துங்கள். ஒன்றும் வராவிட்டால் குழாயைக் காபரேட்டர் முனையில் கழற்றிப் பாருங்கள். குழாயிலும் வராவிட்டால் தாங்கிக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கிறது, அல்லது தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. குழாயில் வந்து கிண்ணத்தில் வராவிட்டால், கிண்ணத்துக்குள் பெற்றோலை விடும் ஊசி ஒட்டியிருக்கிறது. கிண்ணத்தைத் திருப்புளியின் பிடியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள், பலமுறை அதிலேயே விடுபடும்.

போத்தலில் பெற்றோல் வந்தால் இரண்டு நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் கண்ணாடி மணிபோல் உருண்டு நிற்பது தண்ணீர். மாரியில் தாங்கிமூடியின் இறப்பர் வெடித்த வண்டிகளில் இது வழக்கம். முழுவதும் வடித்து, தாங்கியையும் வடித்து, இறப்பரை மாற்றுங்கள். பெற்றோல் நல்ல நிறமில்லாமல் மஞ்சளாகி, வார்னிஷ் வாசம் அடித்தால் அது பழையது. 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலை அளந்து கொடுக்கக் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். கிடைத்ததைப் பிளாஸ்டிக் கானில் சேர்த்து, ஆறு மாதம் கழித்து ஊற்றியவர்கள் வரிசையில் வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் காபரேட்டர் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தது: மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடும் பைலட் ஜெட்டின் நூல்துளை பிசின் பிடித்து அடைந்திருந்தது. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெருத்தால் வண்டி ஆயுள் முழுக்கப் பெற்றோல் குடிக்கும். காபரேட்டர் கழுவும் தெளிப்பானும் காற்றும் போதும்.

பிளக் ஈரமாக, பெற்றோல் வாசத்தோடு இருந்தால்

பெற்றோல் வருகிறது, பொறி வரவில்லை அல்லது மூழ்கிவிட்டது. குழாயை மூடி, அக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்து, பிளக் இல்லாமலே ஏழெட்டு முறை உதைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைக் காயவைத்து, இடைவெளியைப் பாருங்கள். இந்த வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர், உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

இப்போது பொறி பாருங்கள். பிளக்கைப் பிளக் வயரின் நுனியிலுள்ள தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை எஞ்சின் போல்ட் ஒன்றில் அழுத்தி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கே பெற்றோல் ஆவி வரும். தொப்பியை உலர்ந்த துணியால் பிடித்து, நிழலில் உதையுங்கள். நீலமாக, சொடக்குச் சத்தத்தோடு குதித்தால் நல்லது. மெலிந்து சிவந்திருந்தால் பலவீனம். இரண்டு பிளக் உள்ள வண்டியில் இரண்டையும் பாருங்கள். ஒன்று செத்தாலும் மற்றதில் வண்டி நொண்டி நொண்டி ஓடும், ஆள் கவனிக்கமாட்டார்.

பொறி இல்லாவிட்டால்

தெரிந்த நல்ல பிளக்கை மாட்டிப் பாருங்கள். அடுத்து தொப்பி. அதை வயரிலிருந்து இடப்பக்கம் திருகினால் கழலும். உள்ளே பச்சைக்களிம்பு இருந்தால் அதுதான் கடற்காற்றின் கைவேலை. வயரின் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரிய, தொப்பியைத் திரும்பத் திருகுங்கள். தொப்பி இல்லாமல் வயர்நுனியை எஞ்சினுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் தூரத்தில், மின்காப்புள்ள குறட்டால் பிடித்து உதைத்துப் பாருங்கள். அங்கே பொறி பாய்ந்தால் தொப்பி மட்டும்தான் பழுது. அது இந்தப் பட்டியலிலேயே மலிவான சாமான்.

அங்கும் இல்லையென்றால் நிறுத்துச் சுவிச்சின் வயரை அதன் இணைப்பில் கழற்றிவிட்டுப் பாருங்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் இந்த வயர் உடம்பில் தொட்டாலே பொறி நின்றுவிடும். கழற்றியதும் பொறி வந்தால் சுவிச்சுக்குள் உப்புப் பிடித்திருக்கிறது. பற்றரியிலிருந்து பொறி எடுக்கும் வண்டி என்றால், பற்றரி அடியோடு செத்திருக்கும்போது எவ்வளவு தள்ளினாலும் பற்றாது. முதலில் அதைப் பாருங்கள்.

இதற்குப் பிறகு இருப்பவை பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட் தரும் கொயில், பொறி பாயும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி, எஞ்சின் சுற்றுவதை அதற்குச் சொல்லும் பிக்கப் கொயில். இந்த மூன்றையும் ஊகத்தில் வாங்காதீர்கள். மின்சாமானைத் திருப்பி எடுக்கும் கடை கிடையாது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் அயலவரிடம் ஐந்து நிமிடம் சிடிஐயை இரவல் கேட்டு மாற்றிப் பாருங்கள், அல்லது அளந்து சொல்லும் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

பொறியும் உண்டு, பெற்றோலும் உண்டு

பிளக் துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு ஒருவரை உதைக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளி எறியவேண்டும். விரல் அப்படியே இருந்தால் உள்ளே அமுக்கம் இல்லை. ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலைத் துளைக்குள் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தள்ளினால் ரிங், சிலிண்டர் தேய்வு, தள்ளாவிட்டால் வால்வு. வால்வில் மலிவானது டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதை அடுத்த தலைப்பில் சொல்கிறேன். மற்றவை எல்லாம் எஞ்சினைத் திறக்கும் வேலை. சிலிண்டர் போர் செய்ய, அதாவது உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்க, லேத் பட்டறைக்குப் போகும், பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று பெரிதாகிக்கொண்டே போகும். 1.00 ஏற்கெனவே போட்ட வண்டி என்றால் புதுச் சிலிண்டர்தான்.

அமுக்கமும் இருந்து பற்றாவிட்டால், புகைக்குழாயின் வாயில் கையை வைத்து உதைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். காபரேட்டரின் மெல்லிய காற்றுக்குழாய்களிலும் கட்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவரின் வண்டியில் அரைநாள் மின்சாரம் தேடிவிட்டு, கடைசியில் குளவிப் புழுவோடு திரும்பினேன்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

மெக்கானிக்கை மிகவும் அவமானப்படுத்தும் பழுது இது. கராஜுக்கு வரும்போது வண்டி ஆறிவிடும், நன்றாக ஓடும். "பார்த்துவிட்டேன், சரி" என்று அனுப்பினால் மறுநாள் அதே ஆள், அதே வண்டி.

கந்தளாயிலிருந்து தினமும் பட்டணத்துக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பியின் கதை. ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அவருடைய வண்டி ஒவ்வொரு காலையும் வழியில் ஒரு பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட நின்றுவிடும். தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, பத்து நிமிடம் இருந்துவிட்டு உதைத்தால் பற்றும். மூன்று கராஜ்களில் காபரேட்டர் கழுவியாயிற்று, ஒன்றில் புதிதாகவே போட்டாயிற்று. தேங்காய்ச் செலவு வேறு. "ஐயா, அந்த இடத்தைத் தாண்டவே விடமாட்டார்" என்றார். வண்டி நின்றதும் முதல் வேலையாகத் தாங்கி மூடியைத் திறக்கச் சொன்னேன். அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னார்: திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்ததாம், உடனே பற்றிவிட்டதாம். மூடியின் காற்றுத்துளை துருவால் அடைத்திருந்தது. பெற்றோல் இறங்க இறங்கத் தாங்கிக்குள் வெற்றிடம். அதே தூரத்தில் அதே அளவு. பத்து நிமிடக் கும்பிடலில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கிறது. மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊசியால் குத்தியதோடு பழுது தீர்ந்தது. தேங்காயை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

ஆகவே நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்:

மூடியைத் திறந்து உடனே உதையுங்கள். பற்றினால் மூடி.

பற்றாவிட்டால் பொறி பாருங்கள். சூட்டோடு பிளக்கைக் கழற்றவேண்டாம் என்றேனே, அதனால் கையிலுள்ள மேலதிகப் பிளக்கைத் தொப்பியில் மாட்டிப் பாருங்கள். பொறி இல்லை என்றால், ஈரத்துணியைக் கொயிலின் மேல் சுற்றி ஐந்து நிமிடம் வைத்து மறுபடி பாருங்கள். எஞ்சினில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதில் பொறி திரும்பினால் கொயில் சூட்டில் விடுகிறது, மாற்றவேண்டும். திரும்பாவிட்டால் எஞ்சின் மூடிக்குள் இருக்கும் பிக்கப் கொயிலில் சந்தேகம், கராஜ்.

பொறி இருக்கிறது, ஆனால் உதைக்கும்போது கால் வழக்கத்தைவிட இலேசாக இறங்குகிறது என்றால் டாப்பெட் இறுகியிருக்கிறது. சூட்டில் வால்வு நீண்டு முழுவதும் மூடாமல் நிற்கிறது. "டிக் டிக் சத்தம் வருகிறது, இறுக்கிவிடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வினை இது. இலேசான டிக் டிக் நல்ல வால்வின் குரல். அளவை முற்றாக ஆறிய எஞ்சினில், இரவு நின்ற வண்டியில், பீலர் கேஜ் தகடு வைத்து, கையேட்டு அளவுக்கு வைக்கவேண்டும். தகடு இல்லாமல் "கையளவில்" வைக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இறுகிய டாப்பெட்டோடு தொடர்ந்து ஓடினால் வெளியேற்று வால்வு கருகும். சில நிமிட வேலை எஞ்சின் தலையைக் கழற்றும் வேலையாகிவிடும்.

மழையில் மட்டும் நிற்கிறது

தொப்பியும் பிளக் வயரும். இரவில் வண்டியை ஓடவிட்டு, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, வயரின்மேல் தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். நீலப்பொறி வெளியே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அந்த இடம் வெடித்திருக்கிறது. வயர் கொயிலோடு சேர்ந்தே வரும் மாடல் என்றால் கொயிலையும் மாற்றவேண்டியிருக்கும். அடுத்த சந்தேகம் காற்று வடிகட்டிப் பெட்டி: மூடி சரியாகப் பூட்டாமல் தண்ணீர் உள்ளே போகும்.

ஐடிலில் (அக்ஸிலேட்டர் பிடிக்காமல்) ஓடாது, ஏற்றத்தில் இழுக்காது

காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். புல்மோட்டைப் பக்க மணல் வீதிகளில் ஓடுபவற்றுக்கும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எல்லோருக்கும் இது முதல் காரணம். ஸ்பொஞ்ச் வகை என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சில துளி ஒயில் பூசிப் பிழிந்து போடுங்கள். கடதாசி வகையைக் கழுவக்கூடாது, தட்டலாம், மாற்றலாம். பிறகு ஐடில் திருகாணி. பிறகு காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இறப்பர் வெடிப்பு. அதற்கும் பிறகுதான் ஜெட்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளச் பிளேற். கைப்பிடி நுனியில் ஒரு சென்ரிமீற்றர் அளவாவது தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளேற்றைக் குறைசொல்லவேண்டும். பிரேக் பிடித்தபடி நிற்கும் வண்டியும் இழுக்காது. ஓடி நிறுத்தியதும் சில்லின் நடுவைத் தொட்டுப் பாருங்கள்.

புகை

கறுப்பு: காற்று குறைவு அல்லது பெற்றோல் அதிகம், சோக், வடிகட்டி. நீலம்: ஒயில் எரிகிறது. காலையில் பற்றவைக்கும்போது மட்டும் ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல், அவசரமில்லை. அக்ஸிலேட்டர் பிடிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். ஒயிலை வாரம் ஒருமுறை அளந்து ஊற்றிக்கொண்டு காசு சேருங்கள். காலைக்குளிரில் மெல்லிய வெள்ளை வெறும் நீராவி.

தண்ணீரில் மூழ்கிய வண்டி

மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் ஏறும் வருடங்களில் இது கேட்காத நாளில்லை. ஒரே விதி: ஓடுகிறதா என்று பார்க்க உதைக்காதீர்கள், செல்ப் அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளையும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் குடித்த வண்டிகளை நாங்கள் மாதக்கணக்கில் பார்த்தோம். உயிர்கள் போன வீடுகளில் வண்டியை யார் நினைத்தார்கள். பல வாரம் கழித்துத்தான் வந்தன. அவற்றில் பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிப்போயிருந்தது. பிழைத்தவை, யாரோ ஒருவர் அன்றோ மறுநாளோ நல்ல தண்ணீரால் கழுவி, உள்ளே ஒயில் ஊற்றி வைத்தவை.

முறை இது. பற்றரியைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் ஒயிலை வடியுங்கள். பால்தேநீர் நிறத்தில் வரும். தாங்கி, காபரேட்டர் இரண்டையும் வடியுங்கள். கடல்நீர் என்றால் வயர் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். வடிகட்டியைக் காயவையுங்கள் அல்லது மாற்றுங்கள். பிளக் துளைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, புதிய மலிவு ஒயிலை எஞ்சினுக்கு ஊற்றி, பிளக் இல்லாமல் பத்துப்பதினைந்து முறை உதைத்து, அதன்பிறகு பற்றவையுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி ஒயிலை மாற்றுங்கள். பால்நிறம் போகும்வரை, இரண்டோ மூன்றோ முறை. பிரேக் ட்ரம்மையும் சில்லின் பெயாரிங்கையும் அந்த வாரமே திறந்து பார்க்கவேண்டும்.

கிக்கர் அசையவே இல்லையென்றால் ஏறி மிதிக்காதீர்கள். அது கராஜுக்கு.

இன்ஜெக்ஷன் வண்டி

இந்தியாவில் 2020 ஏப்ரலில் புகைவிதி இறுகியபின் அங்கே காபரேட்டர் குறைந்து, பெற்றோலை மின்முறையில் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வந்தது. இங்கே இறக்குமதி திறந்தபின் அப்படிப்பட்டவை வரத் தொடங்கியிருக்கின்றன. நீங்கள் பார்க்கக்கூடியது நான்குதான்: பற்றரி, பியூஸ், பிளக், திறப்பைத் திருப்பியதும் தாங்கிக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி "விர்" என்று பேசுகிறதா என்பது. தாங்கியை வற்றவிட்டு ஓட்டாதீர்கள், பம்பைக் குளிரவைப்பதே பெற்றோல்தான். எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் ஸ்கானர் உள்ள இடத்துக்கு. என் பழைய மாணவர்களே இதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கும் அவர்களிடம்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

உள்ளிருந்து தட்டும் சத்தம், இழுவை குறைந்து நின்றது

ஒயில் அளவுகோலை எடுங்கள். சுத்தமாகத் துடைத்து, கையேடு சொல்கிறபடி வைத்து எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டிலும் ஒயில் இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. 100 சிசி வண்டி ஒன்றின் எஞ்சினுக்குள் இருப்பதே ஒரு லீற்றர் அளவு ஒயில். அரை லீற்றர் குறைந்தால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். வெளியே கசிவு தெரியாவிட்டால் அது நீலப்புகையாகப் போயிருக்கும், யாரோ முன்பே பார்த்திருப்பார்கள், சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஒயில் ஊற்றிவிட்டு உதைத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஆறியபின் கிக்கரைக் கையால் மட்டும் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பிஸ்டன் கடித்துவிட்டு விடுபட்டிருக்கலாம், போர் வேலையோடு முடியும். பாதியில் முட்டினால், அல்லது சுற்றும்போது கடகடவென்று ஆடினால், பிஸ்டன் சுற்றவைக்கும் அச்சான கிராங்க். இரண்டுமே உங்கள் வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல.

கட்டி இழுத்துக்கொண்டு வராமல் பட்டா எனும் சிறு லொறியில் ஏற்றி அனுப்புங்கள். அனுப்புமுன் ஒயிலை வடித்துச் சுத்தமாக்கிவிடாதீர்கள். அதற்குள் கிடக்கும் தூள் வெள்ளை மினுக்கமாக இருந்தால் பிஸ்டன் அலுமினியம், காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. எதைத் திறப்பது என்று நான் முடிவெடுப்பது அந்தத் தூளைப் பார்த்துத்தான்.